வல்லப பூபதியின் மூக்கும் கற்பூரவல்லி ரசமும்

பூங்குன்றைச் சீமையில் தாண்டவராயனைப் போல ஒரு புத்திசாலி கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தத் தாண்டவராயன் நான்தான். முதன்முதலில் அப்படிச் சொன்னதும் நான்தான். அப்புறம் மற்றவர்களுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது.

அரசவையில் எனக்கு வேலை, மன்னரைச் சிரிக்க வைப்பது. உண்மையான வேலை மத்தியானச் சாப்பாடு. சமையல் தலைவர் பஞ்சநதம் வைக்கும் கற்பூரவல்லி ரசத்துக்காகத்தான் நான் அந்த உத்தியோகத்தையே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. பந்தி உட்கார்ந்ததும் முதல் கிண்ணம் ரசம் மன்னருக்குப் போகும். வல்லப பூபதி முகர்ந்து பார்த்து "மணக்கிறது" என்பார். அதற்குப் பிறகுதான் மற்றவர் இலையில் கை வைக்கலாம்.

அன்றைக்கு மன்னர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். "பணக்கவில்லை" என்றார்.

மூக்கு முழுக்க அடைத்திருந்தது. 'ம' வர வேண்டிய இடத்தில் 'ப' வந்தது. கண் சிவந்து, மூக்கு நுனி பழுத்து, பார்த்தவனுக்கெல்லாம் தெரியும் அது ஜலதோஷம் என்று. ஆனால் யார் சொல்வது? பூபதி வம்சத்துக்கு நோயே வராது என்பது அவர்கள் நம்பிக்கை. முந்தைய மழைக்காலத்தில் "மகாராஜாவுக்கு லேசாக இருமலோ?" என்று பரிவாகக் கேட்ட கணக்கப்பிள்ளை இன்னும் யானைக் கொட்டடியில் சாணம் அள்ளிக்கொண்டிருக்கிறார்.

ராஜவைத்தியர் ஏகாம்பரம் எழுந்தார். சபையில் நோயைப் பற்றிப் பேச வேண்டிய ஒரே ஆள் அவர். பேசினார், வேறு மாதிரி.

"மகாராஜா, இது பஞ்சநதத்தின் வேலை. நல்ல இலையை ஒளித்துவிட்டு ஏதோ தழையைப் போட்டிருக்கிறார். என் மாப்பிள்ளை சமையலில் கெட்டிக்காரன்..."

அந்த மாப்பிள்ளையின் கஞ்சியை நான் ஒருமுறை குடித்திருக்கிறேன்.

மன்னர் கிண்ணத்தை நகர்த்தினார். "வாசனையை பறைத்தவன் எவனாக இருந்தாலுப் சரி, பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டுப். இது உத்தரவு."

பஞ்சநதம் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஓய் தாண்டவராயரே, இந்த வயசுல குடும்பத்தைக் கூட்டிண்டு நான் எங்கே போவேன்? ஏதாவது செய்யும்."

அவர் கண்ணைப் பார்த்ததும் எனக்கும் துக்கமாகிவிட்டது. அதில் பாதி அவருக்காக. மீதி ரசத்துக்காக, பொய் சொல்வானேன்.

"மகாராஜா, தண்டனைக்கு முன் விசாரணை வேண்டாமா? சாட்சியை அழைப்போம்" என்றேன்.

"யார் சாட்சி?"

"காணாமல் போன வாசனைதான்."

மன்னருக்கு விசாரணை என்றால் உயிர். நிமிர்ந்து உட்கார்ந்தார். "வருபா?"

"சபைக்கு வராது, கூச்சம். கற்பூரவல்லி இலைமேல் பூனைமயிர் போல மெல்லிசாக இருக்கிறதே, அதற்குள் எண்ணெயாகப் பதுங்கியிருக்கும். கசக்கினால்தான் வெளியே வரும். தண்ணீரோடு கலக்காது, ஆனால் கொதிக்கும்போது ஆவி மேல் ஏறிக்கொண்டு வந்துவிடும். தாங்கள் போர்வைக்குள் தனியாக, முகத்துக்கு முகம் விசாரிக்க வேண்டும்."

அடுப்படியில் வடைக்காகக் காத்துக்கிடந்த நேரத்தில் காதில் விழுந்த சங்கதி இவ்வளவுதான். ஆராய்ந்து கண்டுபிடித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஏகாம்பரத்துக்கு விஷயம் புரிந்துவிட்டது. சளி பிடித்த குழந்தைக்கு அதே இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குழைத்துக் கொடுப்பவர்தானே அவர். ஆனால் "இது ஜலதோஷத்துக்கான வைத்தியம்" என்று அவர் வாயைத் திறந்தால் அவருக்கும் கொட்டடிதான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பஞ்சநதம் இலைகளைக் கசக்கிக் கொதிக்கிற பானையில் போட்டார். ஓமம் வறுத்தது போல கூடமெல்லாம் காரமாய் நெடி. மன்னர் கம்பளிக்குள் போனார். நான் பானைப் பக்கம் குனிந்து, உதவி செய்கிறவன் போலப் பாவனை பண்ணினேன்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது. "யார் உன்னை பறைத்தது? உண்பையைச் சொல்."

பானை தளதளவென்றது.

"சொல்கிறாயா இல்லையா?"

பிறகு ஒரு தும்மல். கம்பளி பறந்தது. வெளியே வந்ததெல்லாம் என் முகத்தில்தான் வந்து விழுந்தது. என் புத்திசாலித்தனத்துக்கு எங்கே நிற்க வேண்டும் என்று மட்டும் தெரிந்ததில்லை.

மன்னர் ரசக் கிண்ணத்தை எடுத்தார். நீளமாய் மூச்சு இழுத்தார். "மணக்கிறது" என்றார். 'ம' சுத்தமாக வந்தது.

கைகள் இலைக்குப் பாய்ந்தன. "நில்லுங்கள்" என்றார் மன்னர். "வாசனை வந்துவிட்டது. மறைத்தவன் யார்? என் உத்தரவு அப்படியே நிற்கிறது."

ஏகாம்பரத்தின் விரல் மெல்ல பஞ்சநதத்தின் பக்கம் நீண்டது. பஞ்சநதம் கண்ணை மூடிக்கொண்டார்.

"உத்தரவு நிறைவேறிவிட்டது மகாராஜா" என்றேன் நான், முகத்தைத் துடைக்காமலே. "தாங்கள் விசாரித்த விசாரணையில் குற்றவாளி பயந்து, தங்கள் எல்லையைத் தாண்டி ஒரே பாய்ச்சலாய் ஓடிவிட்டான். சபையே பார்த்தது."

"எங்கே ஓடினான்?"

"வேறெங்கே, இதோ என் முகத்தில் தஞ்சம் புகுந்திருக்கிறான்."

மன்னர் என் முகத்தைப் பார்த்தார். தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பஞ்சநதம், பரிமாறும். தாண்டவா, உனக்குப் பரிசு தர வேண்டாமா? அந்தக் குற்றவாளியை நீயே வைத்துக்கொள்."

மன்னர் கொடுத்தது வீண் போகுமா? மறுநாள் பந்தியில் "பணக்கிறது, பகாராஜா" என்றேன்.