வாலாட்டிக் குருவி ஏன் நம் கையைப் பார்க்கிறது?

மிருகமும் பறவையும் மனுசரோடு வாயாடிக்கொண்டிருந்த காலம் அது. வாலாட்டிக் குருவிக்கு அப்போது வால் ஆடாது. மற்றக் குருவிகளின் வால்போலச் சும்மாதான் இருந்தது.

மலைக்காட்டில் நஞ்சன் என்று ஒரு தேனெடுப்பவன் இருந்தான். ஓடைக்கரையோரம் வெயில் இறங்காத ஒற்றைப் பாதை. காலையில் ஏறினால் உச்சிவேளைக்குள் அதே வழியில் வீடு திரும்பிவிடலாம். குருவி அவனுக்கு முன்னால் ஓடும். பாம்பு கிடந்தால் "நில்லு மாமா!" என்று கத்தும். அவன் உள்ளங்கையில் உட்கார்ந்து தினை தின்னும். அப்படி ஒரு சிநேகம்.

அந்த வருசம் அவன் மகள் பொம்மிக்கு விடாத இருமல். பிள்ளை துரும்பாகிவிட்டாள். மலைத்தேனில் மருந்து குழைத்துக் கொடுத்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். நஞ்சன் தேடியலைந்து ஒரு கூடு கண்டான். தேன்கூட்டை முதலில் கண்டவன் அடிமரத்தில் தழைமுடிச்சுக் கட்டுவது அந்த மலை மக்கள் வழக்கம். கட்டிவிட்டால் வேறு ஆள் தொடமாட்டான். நஞ்சனும் கட்டினான். தேன் முற்றட்டும் என்று நாலு நாள் கழித்துப் போனால், கூட்டை யாரோ வழித்துத் தின்றிருந்தார்கள். அடுத்த கூடும் அப்படியே போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

"முடிச்சுப் போட்டத மனுசன் தொடமாட்டான். எனக்கு முன்னாடி ஓடுறது யாரு? எல்லா எடமும் தெரிஞ்சது யாரு?" என்று பெண்சாதி மாதியிடம் பொருமினான்.

"அது மேல பழி போடாதீங்க. குருவி வயிறு எம்மாத்திரம்?" என்றாள் மாதி.

"அது திங்கல. யாருக்கோ சொல்லிக் குடுக்குது."

சந்தேகம் புகுந்தபின் எது காதில் ஏறும்? குருவி திரும்பிப் பார்த்தால் வேவு பார்க்கிறது என்றான். பாடினால் ஆள் கூப்பிடுகிறது என்றான். நாலாவது கூட்டுக்கு முடிச்சுக் கட்டிய கையோடு, தினையை நீட்டிக் குருவியைக் கூப்பிட்டான். பாவம், அது நம்பி வந்தது. மறுகையில் இருந்த கம்பால் அடித்தான், பாவி! அடி வாலில் விழுந்தது.

"என்ன மாமா இப்படிச் செஞ்சிட்டே!" என்று அலறிக்கொண்டு குருவி எதிர்க்கரைக்குப் பறந்தது.

"யாருக்குச் சொன்னே? சொல்லிட்டுப் போ!" என்று நஞ்சனும் ஓடையைத் தாண்டித் துரத்தினான். அக்கரை ஏறித் திரும்பிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் வந்த பாதையிலேயே, அவன் காலடியை மோந்துகொண்டு ஒரு கரடி வந்தது. தழைமுடிச்சைக் கண்டதும், "இந்தா, இன்னிக்கும் எனக்கு அடையாளம் கட்டி வச்சிருக்கான்!" என்று சிரித்தபடி மரத்தில் கை வைத்தது.

நஞ்சன் கூச்சலிட்டுக் கல்லெறிந்து கரடியை விரட்டினான். நாலு நாள் காத்திருக்காமல் கிடைத்த தேனை எடுத்துக்கொண்டு, கரடி மறுபடி காலடியை மோந்து வராதபடி எதிர்க்கரை வழியாகவே வீடு வந்தான். பொம்மி தேறினாள்.

மறுநாள் கை நிறையத் தினையோடு போய், "புத்தி கெட்டு அடிச்சிட்டேன். வா சாமி," என்று அழுதான். குருவி எட்டவே நின்றது. அடிபட்ட வால் நிற்காமல் ஆடிற்று.

"முன்னாடி ஓடுறேன் மாமா. பாம்பு கெடந்தா கத்துறேன். கிட்ட மட்டும் வரமாட்டேன்."

அந்த மலை மக்கள் ஒரு கரையில் ஏறி, மறு கரையில் இறங்கி, பின்னால் வருவது யார் என்று பார்த்துக்கொண்டே சுற்றி வீடு திரும்புவது அன்று தொடங்கியதுதான். வாலாட்டியும் அன்றிலிருந்துதான் நமக்கு முன்னால் நாலடி ஓடி நிற்கிறது. வாலை ஆட்டுகிறது. திரும்பி நம் கையைப் பார்க்கிறது. வெறுங்கையை விரித்துக் காட்டினாலும் நம்புவதில்லை.