கரடிக்கு நல்ல நேரம்

சர்ர்ர்... சர்ர்ர்... டொக்!

ஊர் அடங்கிய வேளையில், அந்தப்புரத்துத் தோட்டக் கதவை வெளியிலிருந்து ஏதோ பிறாண்டுகிற சத்தம். ராணி வஞ்சிக்கொடி கைக்குழந்தையை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. இருந்ததைக் கறையான் தின்று, அந்தக் கறையானைப் பல்லி தின்று, எவ்வளவோ காலமாகிவிட்டது. ராணி தன் நகைப்பெட்டியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன் மேலேயே உட்கார்ந்து விடிய வைத்தாள்.

ஒரு ராஜாவின் வீட்டில் தாழ்ப்பாளுக்கா பஞ்சம் என்கிறீர்களா? ராஜாவைப் பற்றிச் சொன்னால் புரியும். முன்னொரு காலத்தில் மலையடிவாரத்துக் குறும்பலா நாட்டைக் கோதண்டவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். தங்கமான மனுஷர். ஆனால் எதைக் கேட்டாலும், "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். பகைவன் படையெடுத்து வந்தபோதும் அதையேதான் சொல்லியனுப்பினார். காத்துக் காத்து அலுத்துப்போய் அவனே திரும்பிவிட்டான். அந்த வெற்றிக்கு ஒரு தூண் நாட்ட வேண்டும் என்று உத்தரவானது. அதுவும் நாளைக்குத்தான்.

பொழுது விடிந்ததும் ராணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"மகாராஜா! ராத்திரி ஏதோ மிருகம் வந்து கதவைப் பிறாண்டியது. இன்றைக்குத் தாழ்ப்பாள் போடாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன்."

"அடடா, அதற்கென்ன வஞ்சி, போட்டுவிடலாம். நாளைக்கே..."

"இன்றைக்கு!"

ராஜா அரண்மனைச் சோதிடர் தாண்டவமூர்த்தியைப் பார்த்தார். சோதிடர் விரல் மடக்கினார். "இன்றைக்கு அஷ்டமி. நாளைக்கு நவமி. அப்புறம் செவ்வாய்க்கிழமை, இரும்பைத் தொடக்கூடாது. அதன் பிறகு மகாராஜாவுக்குச் சந்திராஷ்டமம். அது விலகினால் ஆடி பிறந்துவிடுகிறது. ஆவணியில் அருமையான முகூர்த்தம் இருக்கிறது, தாயே!"

"வருகிற மிருகத்துக்குப் பஞ்சாங்கம் தெரியுமா, ஐயா?"

"பூனையாக இருக்கும், தாயே. பயப்படாதீர்கள்."

அமைச்சர் மருதவாணர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான், சோதிடர் சிலிர்த்துக்கொண்டார். அமைச்சர் ஆசனத்தின் மேல் அவருக்கு நெடுநாள் கண். "அமைச்சருக்கு அவசரமோ? மகாராஜாவின் திருவாயிலிருந்து 'இப்பவே' என்ற சொல்லை வரவழைத்துவிடுங்கள் பார்ப்போம்! வந்தால் ஆவணி வரைக்கும் உம்முடைய செருப்பை நான் சுமக்கிறேன். வராவிட்டால் உம்முடைய ஆசனம் எனக்கு."

"பலே! பந்தயத்தை எப்போது ஆரம்பிக்கலாம்? நாளைக்கு..." என்றார் ராஜா.

"இன்றைக்கே!" என்றார் சோதிடர்.

"அஷ்டமியாயிற்றே?" என்றார் அமைச்சர். சபை குலுங்கிச் சிரித்தது.

மருதவாணர் முதலில் மடைப்பள்ளிக்குப் போனார். நல்ல நேரம் வரும்வரை அடுப்பு மூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். பசி வந்தால் ராஜா கத்தமாட்டாரா? ராஜா வயிற்றைத் தடவிப் பார்த்தார். "பசியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று குப்புறப் படுத்துக் குறட்டை விட்டார்.

"போச்சு! உங்கள் ஆசனமும் போச்சு, என் பிள்ளையின் உயிருக்கும் காவல் இல்லை" என்றாள் ராணி. கண்ணில் நீர் முட்டியது.

"இன்னொரு வழி இருக்கிறது, தாயே. மகாராஜாவை இன்றைக்கு உங்கள் அறையில் படுக்கச் சொல்லுங்கள். குழந்தை என் வீட்டில் இருக்கட்டும். பயில்வான் வேலப்பனுக்குக் கறுப்புக் கம்பளி போர்த்தித் தோட்டத்துப் பக்கமாக உள்ளே அனுப்புகிறேன். உறுமுகிற உறுமலில் 'இப்பவே' தானாக வரும்."

இருட்டியது. ராஜா ராணியின் கட்டிலில் படுத்தார். சாட்சிக்கு நானும் என்று சோதிடர் பக்கத்தில் பாய் விரித்துக்கொண்டார். ராணியும் அமைச்சரும், புதுத் தாழ்ப்பாளோடு தச்சரும் உள்கூடத்தில் ஒளிந்துகொண்டார்கள்.

உர்ர்ர்! அறைக்குள் ஏதோ உருண்டது. "ஐயோ!" என்றார் ராஜா.

ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "வேலப்பன் பிரமாதம்! அசல் கரடியேதான்!"

"அம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "இந்தக் கம்பளி நழுவிக்கொண்டே இருக்கிறது. முதுகில் ஒரு முடிச்சுப் போட்டுவிடச் சொல்லுங்களேன்." வேலப்பன்!

ராணி முந்தானையை விட்டுவிட்டுப் பாய்ந்தாள். உள்கதவைத் திறந்தாள். நிஜக் கரடி! மலையிலிருந்து இறங்கி வந்தது, கட்டில் மேல் சாவகாசமாக உட்கார்ந்து ராஜாவின் கால் கட்டைவிரலை மோந்துகொண்டிருந்தது. சோதிடர் ஊஞ்சல் சங்கிலியின் உச்சியில் தொங்கினார்.

அமைச்சர் கதவு நிலையைப் பற்றிக்கொண்டார். குரல் மட்டும் நிதானமாக வந்தது. "சோதிடரே! நேரம் எப்படி?"

"அமிர்தயோகம் ஐயா! இந்த மாதிரி நேரம் இனி வரவே வராது!"

"மகாராஜா, உத்தரவு?"

"இப்பவே! இப்பவே! இப்ப்ப்பவே!"

அதற்குள் ராணி மடைப்பள்ளிக்கு ஓடி, வாசனை ஊரைத் தூக்கும் பழுத்த பலா ஒன்றோடு திரும்பியிருந்தாள். தரையில் ஓங்கி ஒரு தள்ளு! பலா அறையைக் கடந்து, திறந்த கதவு வழியே தோட்டத்துக்குள் உருண்டது. கரடி கட்டைவிரலைப் பார்த்தது, பலாவைப் பார்த்தது. பலாவே மேல் என்று முடிவு செய்து வெளியே போயிற்று.

கதவைச் சாத்தி வேலப்பன் முதுகு கொடுத்தான். தச்சர் சுத்தியலை எடுத்தார். ராஜா ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். விளக்கு வெளிச்சத்தில் தொட்டில் கண்ணில் பட்டது. கரடியின் நகம் பட்டு மெத்தை நார்நாராகக் கிழிந்திருந்தது. ராஜாவின் கை நின்றுவிட்டது.

"நேற்று நம் பிள்ளை இதில்தான் படுத்திருந்ததா, வஞ்சி?"

"ஆமாம்."

ராஜா கிழிந்த மெத்தையைத் தடவிப் பார்த்தார். பிறகு தன் கங்கணத்தைக் கழற்றி மருதவாணரின் கையில் தானே பூட்டினார். "சோதிடரே, இறங்கும். என் சோம்பலுக்குப் பட்டுக்குஞ்சம் கட்டியது போதும். போய்ச் செருப்பை எடும்."

அமைச்சர் வீட்டிலிருந்து குழந்தை தூக்கக் கலக்கத்தோடு வந்து சேர்ந்தது. ராஜா அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "நீயே போடு" என்றார்.

வஞ்சிக்கொடி புதுத் தாழ்ப்பாளை உள்ளிருந்து அழுத்திப் போட்டாள்.