நந்தித் தொட்டித் தண்ணீர்

கருவேலங்குறிச்சி வெயிலுகந்தநாதர் கோயிலுக்குத் தண்ணீர் சுமந்தவர் சடைச்சியார். ஏதோ பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். விடியும் முன் நல்ல தண்ணீர்க் கிணற்றில் இறைத்து, தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாகக் கொண்டுவந்து, மண்டபத்து வாசலில் இறக்கி வைக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளே போக அவருக்கு உரிமை இல்லை. கிடைத்த கூலி மதியத்துக்குக் கோயிலில் கட்டியாகத் தரும் பட்டைச் சோறு. குடத்தை இறக்கியதும், "அப்பா, தண்ணி வந்துருச்சு. குளிச்சுக்க" என்பார். அவருக்குத் தெரிந்த மந்திரம் அவ்வளவுதான்.

குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடித்துத்தான் தண்ணீர் பிடிப்பார். பக்கத்து வீட்டு மூக்காயிக்கு இது பெரிய வேடிக்கை.

"ஏன் ஆத்தா, வடிகட்டாம ஊத்துனா சாமிக்கு வயித்துவலி வந்துருமாக்கும்?"

"சாமிக்கு வராதுடி. தீர்த்தம் வாங்கிக் குடிக்கிற பிள்ளைக்கு வருமில்ல?" என்பார் சடைச்சியார்.

சிரித்தபடி சொன்னாலும் அது சிரிப்பில் பிறந்த பேச்சல்ல. முன்பொரு பஞ்சத்தில், மாடும் மனிதரும் ஒன்றாய் இறங்கிய ஊருணித் தண்ணீரைக் குடித்துத்தான் அவருடைய கணவரும் ஒரே மகளும் வாந்திபேதியில் போனார்கள். மகளை அடக்கம் செய்த மறுநாள் சடைச்சியார் வர மாட்டார் என்றே குருக்கள் நினைத்திருந்தார். அவரோ வந்தார். அழுதுகொண்டே வந்து குடத்தை இறக்கினார். "என்னப்பா இப்படிப் பண்ணிட்ட?" என்று ஒரு வார்த்தை கேட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, குளிச்சுக்க" என்றார். நமக்கு ஒருவேளைச் சோறு தாமதமானால் சாமியை எத்தனை பேச்சுப் பேசுகிறோம்!

அந்த ஊருக்கு மறுபடியும் பஞ்சம் வந்தது. இரண்டு ஐப்பசி மழையில்லாமல் கழிந்தன. ஊருணி பச்சைப்பாசிக் குட்டையாகச் சுருங்கியது. நல்ல தண்ணீர்க் கிணற்றில் பாறை தெரிய ஆரம்பித்தது. வாளி பாறையில் மோதும் சத்தத்தைக் கேட்டார் சடைச்சியார். ஒரு குடத்தோடு நிறுத்திக்கொண்டார். "அப்பா, இன்னைக்குக் கொஞ்சமாக் குளிச்சுக்க. ஊருக்கு வேணும்" என்று கெஞ்சினார்.

அப்போதுதான் ஊர்த்தலைவரான அம்பலகாரர் முத்திருளாண்டி கூட்டம் கூட்டினார். மழை பொய்த்தால் அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. கோயில் நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி, மூக்களவு தண்ணீர் நிரப்புவார்கள். நந்திக்கு மூச்சு முட்டினால் ஈசன் மனமிரங்கி மழை தருவார் என்பது நம்பிக்கை. மழை இறங்கும்வரை அதில் யாரும் கை வைக்கக் கூடாது. நிரப்புவதும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். ஊரில் மிஞ்சியிருந்த நல்ல தண்ணீர் அந்தக் கிணற்றின் அடியில் கிடந்தது மட்டுமே.

"சடைச்சி, விடிஞ்சதும் நீதான் மொதக் குடம் கொண்டாந்து இறக்கணும்" என்றார் அம்பலகாரர்.

சடைச்சியார் முன்னே வந்து கும்பிட்டார். "வேணாமய்யா. அது போச்சுன்னா சனம் ஊருணிக்குத்தான் போகும். பிஞ்சுப் பிள்ளைக இருக்கு. நான் சுமக்க மாட்டேன்."

"கோயில் சோத்தைத் தின்னுட்டு சாமிக்கே தண்ணி இல்லேங்கிறியா? மழை வரலேன்னா பழி உன் தலையிலதான்" என்று சீறினார் அம்பலகாரர். "இனிமே கோயில் வாசல மிதிக்காதே!"

குருக்கள் தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூக்காயிகூட, "சாமியோட மல்லுக்கு நிக்கலாமா ஆத்தா?" என்றாள். மறுநாள் ஊரே திரண்டு தொட்டியை நிரப்பிற்று. கிணற்றில் சேறுதான் எஞ்சியது. குருக்கள் தம் வெள்ளை வேட்டியால் தொட்டியை மூடிவைத்தார். அபிஷேகத்துக்கும் சொட்டு மிஞ்சவில்லை. விளக்கு மட்டும் காட்டினார்கள்.

மேகம் வரவில்லை.

சடைச்சியார் பட்ட பாட்டை என்னவென்று சொல்வது! கோயிலுக்குப் போகாமல் அவருக்குப் பொழுது விடியவில்லை. அதைவிட ஒரு பயம் அவரை அரித்தது. உண்மையிலேயே தம்மால்தான் மழை நின்றுவிட்டதோ? "நான் செஞ்சது தப்புன்னா என்னை எடுத்துக்க. ஊரை விட்டுரு" என்று கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு ஊருணிக் கரைக்கு ஓடினார். அங்கே அடுப்பு மூட்டி, தண்ணீரை வடித்துக் காய்ச்சி, வந்தவர் குடத்தில் ஊற்றினார். "இந்த வேகாத வெயில்ல வெந்நியா?" என்று கேலி செய்தவர்களையும் விடவில்லை. காலைப் பிடித்துக் கெஞ்சினார்.

ஆனால் மாடு ஒன்று ஊருணிச் சேற்றில் சிக்கி, அங்கேயே செத்து ஊறியது. அதற்கு மேல் காய்ச்சினாலும் நாற்றம் போகவில்லை. அன்று மூக்காயி ஓடி வந்தாள். அவளுடைய கைக்குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டிருந்தது. கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது பிள்ளை.

"ஆத்தா, காப்பாத்து ஆத்தா!"

சடைச்சியாருக்குத் தம் மகள் கிடந்த கிடை கண்முன் வந்தது. குடத்தை எடுத்தார். மிதிக்கக் கூடாது என்ற வாசலை மிதித்து உள்ளே போனார். நந்தித் தொட்டியின் மேல் கிடந்த வேட்டியை விலக்கினார். "அப்பா, எடுத்துக்கிறேன். கோவிச்சுக்காதே" என்று சொல்லி, குடத்தை முக்கினார்.

வாசலில் அம்பலகாரர் மறித்தார். "சாமி தண்ணியவா திருடுற?"

"என் அப்பன் தண்ணிய அவன் பிள்ளைக்குக் கொண்டுபோறேன். இது திருட்டுன்னா அப்புறமா என்னை அடிங்க. இப்ப வழி விடுங்க."

அந்தக் குரலுக்கு அவரையறியாமல் விலகிவிட்டார் அம்பலகாரர். விலகிய பிறகுதான் கோபம் தலைக்கேறியது. ஆள் திரட்டப் போனார்.

அதற்குள் சடைச்சியார் மூக்காயி வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றினார். உப்பிட்ட நொய்க்கஞ்சியின் தெளிவை அதில் கலந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் பாலாடைக் கிண்ணியில் எடுத்தார். ஒரு மடக்கு புகட்டினார். பிள்ளை கக்கிவிடுமோ என்று எல்லாரும் பார்த்திருந்தார்கள். தொண்டை அசைந்தது. இன்னொரு மடக்கு. அதுவும் இறங்கியது. வாசலில் அம்பலகாரர் ஆட்களோடு வந்து கத்திக்கொண்டிருந்தார். சடைச்சியார் திரும்பவே இல்லை.

அப்போது குருக்கள் தெருவில் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"அம்பலம்! சாமி மேல தண்ணி வழியறது! நான் ஒரு சொட்டுகூட விடலை. விட்டு விட்டு வழியறது, யாரோ மடக்கு மடக்கா ஊத்தற மாதிரி!"

உள்ளே பாலாடை பிள்ளையின் வாய்க்குப் போவதையும் வருவதையும் அவர் பார்த்தார். அங்கேயே கைகூப்பினார்.

அம்பலகாரர் நம்பவில்லை. கோயிலுக்கு விரைந்தார். பல நாளாக அபிஷேகம் காணாமல் காய்ந்து கிடந்த லிங்கத் திருமேனி நனைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சியிலிருந்து ஒரு சிறு தாரை இறங்கி நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி ஒரு தாரை. அதே நேரம், பிள்ளை வீறிட்டு அழும் சத்தம் தெருவிலிருந்து கேட்டது. தெம்பு வந்து அழும் அழுகை.

அம்பலகாரர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து நேரே நந்தியிடம் போய், "குடம் கொண்டாங்கடா!" என்று கத்தினார். தம் கையாலேயே மொண்டு வீடு வீடாக அனுப்பினார். பிறகு சடைச்சியாரிடம் வந்து அழுதுகொண்டே காலில் விழப் போனார். அவர் பதறி விலகிக்கொண்டார்.

மழை உடனே வந்துவிடவில்லை. தொட்டித் தண்ணீரைக் குடிக்க மட்டும் பங்கிட்டு, காய்ச்சி, வானத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊர் நாளைக் கடத்தியது. தொட்டியின் தரை தெரியும் வேளையில் மழை இறங்கியது. அந்தப் பஞ்சத்தில் கருவேலங்குறிச்சி ஒரு பிள்ளையையும் பறிகொடுக்கவில்லை.

கிணறு ஊறிய பின் சடைச்சியார் பழையபடி குடத்தோடு மண்டபத்து வாசலுக்கு வந்தார். குருக்கள் அதைக் கையில் வாங்கவில்லை.

"ஊர்ல யாருக்காவது முடியலையா, விசாரிச்சேளா? முதல்ல அங்கே கொண்டுபோய்க் கொடுங்கோ, அம்மா. சுவாமி இங்கே குளிச்சுண்டுடுவார்."

தாகித்த வாயில் இறைவனை நீராட்டிய சடைச்சியாரின் ஈரக்கைகளை நாமும் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.