சந்தனப் பொட்டும் ஏலக்காய் டீயும்

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபது வருஷம் டி.வி. பழுது பார்த்தவர். டி.வி. பெட்டியெல்லாம் தட்டையாகிப்போன பிறகு, வீடு வீடாகப் போய் வைஃபை சரிசெய்யும் ரஜியாவிடம் சிஷ்யனாகச் சேர்ந்தார். குருவுக்கு வயது இருபத்தாறு.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை பூங்கோதை வீட்டுக்கு முதலில் போனவர் அவர்தான். பதினொரு மணிக்கு அந்தப் பெண்ணுக்கு வேலைக்கான நேர்காணல். ஃபோனில் வரக்கூடாதாம், லேப்டாப்பில்தான் வரணுமாம். அந்தப் பழைய லேப்டாப்போ, வைஃபை என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டவில்லை.

"ஒரு டீ சாப்பிடுங்க தம்பி" என்றார் பூங்கோதையின் அப்பா.

"அதெல்லாம் வேணாங்க. வேலையைப் பார்க்கணும்."

ரவுட்டரை மூன்று தரம் அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றினார். பழைய பழக்கத்தில் அதன் மண்டையில் ஒரு தட்டும் தட்டினார். அது பாட்டுக்குப் பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது.

பத்து நாற்பதுக்கு ரஜியா வந்தார்.

"டீ சாப்பிடுறியாம்மா?"

"குடுங்கப்பா. ஏலக்காய் இருந்தா ஒண்ணு தட்டிப் போடுங்க."

மாசிலாமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கோதை நகத்தைக் கடிக்கிறாள், குரு டீயை ஊதி ஊதிக் குடிக்கிறார்.

"வீடே பளபளன்னு இருக்கேப்பா. கடிகாரத்துக்குக்கூடப் பொட்டு."

பெரியவர் முகம் மலர்ந்தது. "எல்லாம் என் கைவேலைதான். மிக்ஸி, ஃபோனு, இவ லேப்டாப்பு, ஒண்ணு விடலை. இண்டு இடுக்கெல்லாம் அழுத்தித் தேய்ச்சேன். லேப்டாப்பு ஓரத்துல ஒரு குட்டிக் குமிழ், தேய்க்கத் தேய்க்க நகருது. அது தலையிலயே சந்தனத்தை அப்பி உட்கார வெச்சுட்டேன்."

ரஜியா டம்ளரைக் கீழே வைத்தார். லேப்டாப்பைத் திருப்பினார். ஓரத்தில் காய்ந்த சந்தனம், நடுவே குங்குமம். நகத்தால் சுரண்டி, அடியிலிருந்த வைஃபை சுவிட்சை ஒரு தள்ளு தள்ளினார்.

"வந்துடுச்சுக்கா" என்றாள் பூங்கோதை. மணி பத்து ஐம்பத்தெட்டு. பெரியவர், நேர்காணல் முடியட்டும் என்றுகூடப் பார்க்காமல், கேசரிக்கு ரவையை வறுக்கப் போய்விட்டார்.

வாசலுக்கு வந்ததும் மாசிலாமணி கேட்டார்.

"குருவே, ஒரு மணி நேரம் அங்கேதானே நின்னேன். அந்த மனுஷன் என்கிட்ட இதை ஒரு வார்த்தை சொல்லலையே, ஏன்?"

ரஜியா ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினார்.

"நீங்கதான் டீ வேணாம்னுட்டீங்களே, அண்ணே."