துளை போடாத வளையம்

சமையல் மேடைக்கு அக்ரிலிக் பலகை போடும் ஜெபராஜ் முதலாளி வாடிக்கையாளரிடம் அளந்துவிட்டுக்கொண்டிருந்தார்: “ரெண்டு பலகைய சேர்த்தா எங்க ஒட்டு கண்ணுக்கே தெரியாது சார்!”

அந்த நேரம் பார்த்து பட்டறையில் வேலை செய்யும் பிலோமி, பலகை அறுத்த மிச்சத் துண்டுகளைக் கேட்டாள். சட்டி வைக்கும் வளையம் அறுத்து விற்க ஆசை.

முதலாளி சிரித்தார். “துளை போட்டு ரம்பத்தை நுழைக்காம ஒரு வளையம் அறு. ஓரமும் முழுசா இருக்கணும். அப்புறம் எல்லாமே உனக்குத்தான்.”

வாடிக்கையாளர் நிறம் பார்த்து முடிப்பதற்குள், பிலோமி ஓரத்தை வெட்டி, அந்த வழியே ரம்பத்தை உள்ளே விட்டு நடுவை அறுத்தெடுத்தாள். வெட்டை ஒட்டி, காய்ந்ததும் தேய்த்து நீட்டினாள்.

“ஏய், வெட்டி ஒட்டியிருக்கே!”

“ஒட்டு எங்க இருக்கு மொதலாளி? சாருக்குக் காட்டுங்க.”

முதலாளி வளையத்தை வெளிச்சத்தில் திருப்பினார். மெல்லிய கோடு தெரிந்தது. வாடிக்கையாளரும் எட்டிப் பார்த்தார்.

“ஒட்டெல்லாம் இல்ல சார்,” என்று முதலாளி சட்டென்று கோட்டைக் கையால் மறைத்தார்.

பிலோமி துண்டுகளை அள்ளச் சாக்கு தேடப் போனாள்.