தண்ணீருக்கு இடம் கேட்ட வாத்துக்காரி

கேளுங்கள் பெரியவர்களே, கேளுங்கள் பிள்ளைகளே! மழை வேண்டும் என்று கும்பிட்ட வாயாலேயே, ஏன் பெய்தாய் என்று மழையை வைத ஓர் ஊரின் கதை இது.

அந்த ஊருக்கு நாணலூர் என்று பெயர். அதன் பக்கத்தில் ஓடிய ஆற்றுக்கு நெடுவாணி என்று பெயர். அந்த நாட்டை ஆண்டவன் கொற்றவேள் என்னும் அரசன்.

ஐப்பசி பிறந்தால் நெடுவாணி பொங்கும். கரை தாண்டும். ஊரிலேயே தாழ்ந்த இடமான கீழைத் தெருவுக்குள் புகுந்து சுவரைக் கரைக்கும், கூரையைத் தூக்கும், தொழுவத்து மாட்டை இழுத்துக்கொண்டு போகும். பங்குனி பிறந்தாலோ அதே ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். பெண்கள் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவார்கள். ஒரு குடம் நிரம்புவதற்குள் உச்சிவெயில் வந்துவிடும்.

கொற்றவேள் நல்லவன். குடிகளின் துன்பம் அவனை உறங்க விடவில்லை. அமைச்சர் மழவராயரைக் கூப்பிட்டு வழி கேட்டான்.

"ஆற்றைத் தடுப்போம் அரசே" என்றார் அமைச்சர். ஆற்றோரம் நெடுகப் பெரிய சுவர் எழுந்தது. ஐப்பசியில் ஆறு வந்தது, சுவரில் மோதியது, மூன்றாம் நாள் சுவரைச் சாய்த்துக்கொண்டு ஊருக்குள் வந்தது. மெல்ல வந்த தண்ணீர் அந்த ஆண்டு பாய்ந்து வந்தது.

"ஆற்றை விரட்டுவோம் அரசே" என்றார் அமைச்சர் மறு ஆண்டு. கடல் வரைக்கும் நேராக ஒரு கால்வாய் வெட்டினார்கள். வந்த வெள்ளம் வந்த வேகத்தில் கடலுக்குப் போனது. ஊர் பிழைத்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். ஆனால் தை மாதமே கிணறுகள் வற்றின. மாசியில் மாடுகள் மடிந்தன. பங்குனியில் சனங்கள் சட்டிபானையைத் தலையில் தூக்கிக்கொண்டு வேற்றூர் போனார்கள். ஆடியில், அடுத்த வெள்ளமும் கடலுக்குப் போய்விடக் கூடாதென்று, ஊரில் மிஞ்சியவர்கள் கால்வாயின் வாயை மண்போட்டு அடைத்தார்கள்.

மூன்றாம் ஆண்டு அரசன் பறையறையச் சொன்னான். வழி தெரிந்தவர் யாராயினும் அவைக்கு வரலாம் என்றான்.

வந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் மருதாயி. ஆற்றுமேட்டில் குடிசை போட்டு வாத்து மேய்ப்பவள். சேறு காயாத காலோடு அவைக்குள் போக அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனாள். கீழைத் தெருவில்தான் அவளுடைய தங்கை தேவானை வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் தலைச்சன் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் பிரசவம்.

"மகராசா, தண்ணியைத் தடுத்தும் பாத்தீங்க, விரட்டியும் பாத்தீங்க. அது உக்கார ஒரு இடம் குடுத்துப் பாருங்க" என்றாள் மருதாயி.

அமைச்சர் சிரித்தார். "வாத்து மேய்ப்பவளுக்கு நீரின் போக்கு எப்படித் தெரியும்?"

"சாமி, தண்ணி எங்க நிக்குதோ அங்கதான் என் வாத்து நிக்கும். வாத்து எங்க நிக்குதோ அங்கதான் நான் நிப்பேன். பதினெட்டு வருசமா நின்னுக்கிட்டு இருக்கேன்."

"காட்டு, அம்மா" என்றான் அரசன்.

மறுநாள் ஒரு மழை பெய்தது. மருதாயி ஒரு கூடை உமியைக் கொண்டுவந்து, ஆறு வழக்கமாகக் கரை தாண்டும் வளைவுக்குப் பக்கத்தில், தரையில் ஓடிய மழைநீரில் தூவினாள். உமி மிதந்து போனது. அவள் பின்னாலேயே போனாள். அவளுக்குப் பின்னால் அரசனும், குடை பிடித்தவனும், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அமைச்சரும் போனார்கள். உமி ஒரு பள்ளத்தில் போய்ச் சுற்றி நின்றது, பள்ளம் நிரம்பியதும் வழிந்து அடுத்த பள்ளத்துக்குப் போனது, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. இப்படி ஆறு பள்ளங்கள். எல்லாம் முன்னொரு காலத்துக் குளங்கள். கவனிப்பார் இல்லாமல் தூர்ந்துபோனவை.

ஏழாவது இடத்தில் உமி ஒரு மண்கரையில் முட்டி நின்றது. கரைக்கு அந்தப் பக்கம் அரசனுடைய நந்தவனம். ஒரு பெரிய பள்ளத்தைச் சுற்றிலும் கரை எழுப்பி, உள்ளே தன் கையாலேயே செண்பக மரங்கள் வைத்து வளர்த்திருந்தான் அவன்.

"இதுதான் கடைசிக் குளம் மகராசா. இருக்கிறதுலயே பெருசும் இதுதான். இதுக்குள்ள போற தண்ணி, நிறைஞ்ச பிறகு ஊருக்குக் கீழே ஆத்துல போய்ச் சேந்துரும். இங்க போக முடியாத தண்ணிதான் கீழைத் தெருவுக்குத் திரும்புது."

அரசன் முகம் கறுத்தது. செண்பகங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். பிறகு, "ஆறு குளத்தையும் வெட்டுங்கள். அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. ஆவணியில் தூர் வாரினார்கள். புரட்டாசியில் கரை உயர்த்தினார்கள். நிரம்பிய நீர் கரையை உடைக்காமல் வழிந்து போக, ஒவ்வொரு குளத்துக்கும் கல் பாவிய கலிங்கு கட்டினார்கள். ஒரு குளத்தின் கலிங்கிலிருந்து அடுத்த குளத்துக்கு வாய்க்கால் ஓடியது.

ஐப்பசி வந்தது. மழையும் வந்தது.

முதல் நாள் இரண்டு குளம் நிரம்பியது. இரண்டாம் நாள் ஐந்தாவது குளமும் நிரம்பியது. சனங்கள் கரைகளில் நின்று குலவையிட்டார்கள். மூன்றாம் நாள் காலையில் ஆறாவது குளமும் நிரம்பி வழிந்தது. வழிந்த நீர் நந்தவனத்துக் கரையில் முட்டியது. ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு கீழைத் தெருவைப் பார்த்துத் திரும்பியது.

ஆறாவது குளத்துக் கரையில் நின்ற மருதாயி அதைப் பார்த்தாள். தேவானைக்குப் பிள்ளை பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இந்தப் பக்கம் ஓடினால் தங்கை வீடு. அந்தப் பக்கம் ஓடினால் அரண்மனை. அவள் கால் தங்கை வீட்டுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது. நின்றது. "ஆத்தா, நீதான் துணை" என்று முணுமுணுத்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

கொற்றவேள் வாசலிலேயே நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மகராசா, ஆறு குளமும் நிறைஞ்சிருச்சு. தண்ணி கீழைத் தெருவுக்குத் திரும்பிருச்சு. நந்தவனத்துக் கரையை வெட்டணும்."

"என் செண்பகங்கள்..." என்றான் அரசன். பிறகு கேட்டான்: "கீழைத் தெருவில் உனக்கு யார் இருக்கிறார்கள்?"

"என் தங்கச்சி. பத்து நாள் பிள்ளையோட."

"அவளைப் போய்த் தூக்காமல் இங்கே ஏன் வந்தாய்?"

"நான் தூக்கினா அவ ஒருத்தி பிழைப்பா மகராசா. நீங்க கரையை வெட்டினா தெருவே பிழைக்கும்."

காவலன் நீட்டிய குடையை அரசன் தள்ளிவிட்டு ஒரு மண்வெட்டியை வாங்கினான். மழையில் நடந்தான். தான் எழுப்பிய கரையில் முதல் வெட்டைத் தானே வெட்டினான். பார்த்தவர்கள் ஓடிவந்தார்கள். பத்து மண்வெட்டி, இருபது மண்வெட்டி, ஐம்பது மண்வெட்டி விழுந்தன. கரை வாய் பிளந்தது.

தண்ணீர் உள்ளே இறங்கிய சத்தம் ஊர் முழுக்கக் கேட்டது. செண்பக மரங்கள் ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. அரசன் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் பார்த்து நின்றான்.

மருதாயி கீழைத் தெருவுக்கு ஓடினாள். முழங்கால் அளவு தண்ணீர். தங்கை வீட்டுக் கதவைத் தள்ளினாள். தேவானை நெற்குதிர் மேல் பிள்ளையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தண்ணி ஏறுதா?"

மருதாயி சுவரைப் பார்த்தாள். தண்ணீர் நின்ற ஈரக்கோடு மேலே இருந்தது. தண்ணீர் அதற்கு நாலு விரற்கடை கீழே இருந்தது.

"இறங்குது புள்ள" என்றாள். "இறங்குது."

பிள்ளையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அதன் தலை உலர்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தாள். தெருவில் ஒரு வீடும் இடியவில்லை. ஓர் உயிரும் போகவில்லை.

அந்தப் பங்குனியில் நாணலூரில் யாரும் மணலைத் தோண்டவில்லை. ஏழு குளத்திலும் தண்ணீர் கிடந்தது. கிணறுகளில் கை எட்டும் தூரத்தில் நீர் நின்றது. முன்பு ஒரு போகம் விளைந்த வயலில் இரண்டு போகம் விளைந்தது. வேற்றூர் போனவர்கள் சட்டிபானையோடு திரும்பி வந்தார்கள்.

அரசன் மருதாயியை அழைத்து, "என்ன வேண்டும், கேள்" என்றான்.

"வருசத்துக்கு ஒரு நாள் வேணும் மகராசா. ஆடி மாசம் ஒரு நாள், பெரியவங்க சின்னவங்கன்னு பாக்காம எல்லாரும் வந்து குளத்துல தூர் எடுக்கணும். இல்லேன்னா இந்த ஏழும் மறுபடியும் தூர்ந்து போயிரும்."

"அவ்வளவுதானா?"

"அது போதும்."

அந்த ஆடியில் முதல் கூடையை அரசன் சுமந்தான். இரண்டாவது கூடையை அமைச்சர் மழவராயர் சுமந்தார். சேற்றில் வழுக்கி விழுந்து, ஊரோடு சேர்ந்து தானும் சிரித்தார். அடுத்த ஐப்பசியில் நெடுவாணி பொங்கியபோது, நாணலூர்ச் சனங்கள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பங்கூழ் குடித்தபடி மழையை வேடிக்கை பார்த்தார்கள்.

ஆகவே நல்லவர்களே, வெள்ளத்தைத் தடுப்பவரும் விரட்டுபவரும் தோற்பார்கள்; தமக்குப் பிடித்ததை விட்டுக்கொடுத்தாவது அது தங்க இடம் கொடுப்பவரே மழையிலும் பிழைப்பார்கள், வெயிலிலும் வாழ்வார்கள்.