குயிலுக்கு விழுந்த ஓர் ஓட்டு

அந்தக் காலத்தில் பறவைகளும் அணில்களும் மனிதப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் படித்தார்கள். எல்லாருக்கும் ஒரே பேச்சு. மரங்கொத்தி மரத்தைக் கொத்தினால் மணி அடித்த மாதிரி. தவிட்டுக்குருவிகள் ஏழும் ஒரே வரிசையில் உட்கார்ந்துகொண்டு, பாடம் நடக்கும்போதும் வாயை மூடாது. அவற்றை அடக்கியே டீச்சர் மங்களேஸ்வரிக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது.

குயில் மட்டும் கடைசி வரிசையில் தனியாக உட்காரும். காக்கை வீட்டில் வளர்ந்த பிள்ளை அது. வாயைத் திறந்த அன்றே குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. அண்ணன் தம்பி என்று நினைத்திருந்தவர்களே கொத்தித் துரத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் யாரும் அதை அடிக்கவில்லை, திட்டவில்லை. சும்மா கண்டுகொள்ளாமல் இருந்தார்கள், அவ்வளவுதான். குயிலுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு வருஷம் மாணவர் தலைவர் தேர்தல் வந்தது. மைனா பேர் கொடுத்தது. அதன் வாய்க்குப் பயந்து எதிர்த்து நிற்க ஒருவரும் வரவில்லை.

"ஒருத்தர் மட்டும் நின்னா அது தேர்தலா? இன்னும் யாராச்சும் கை தூக்குங்க," என்றார் டீச்சர்.

குயில் இறக்கையைத் தூக்கியது. தலைவராகும் ஆசையெல்லாம் அதற்கு இல்லை. ஓட்டுக் கேட்கிற சாக்கிலாவது நாலு பேரோடு பேசலாமே என்று ஒரு நினைப்பு. அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரிடமாகப் போய், "எனக்குப் போடுவீங்களா?" என்று கேட்டது. "பார்க்கலாம், பார்க்கலாம்" என்றார்கள். அதுவே குயிலுக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

தேர்தல் அன்று தட்டிக்குப் பின்னால் இரண்டு கலயங்கள் வைத்தார்கள். ஆளுக்கொரு புளியங்கொட்டை. தனக்குத் தானே போட்டுக்கொள்வது அசிங்கம் என்று குயில் தன் கொட்டையை மைனாவின் கலயத்தில் போட்டது.

டீச்சர் மைனாவின் கலயத்தைக் கவிழ்த்தார். மளமளவென்று கொட்டியது. நாற்பத்திரண்டு. குயிலின் கலயத்தைக் கவிழ்த்து ஆட்டினார். டொக்கென்று ஒன்று விழுந்தது.

வகுப்பே சிரித்தது. "அதுவும் அவனே போட்டுக்கிட்டதுதான்!" என்று கத்தியது ஒரு தவிட்டுக்குருவி.

குயிலுக்கு அந்தச் சிரிப்பு உறைக்கவே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது போட்டுக்கொள்ளவில்லையே! அப்படியானால் இந்தக் கூட்டத்தில் யாரோ ஒருத்தர் தன்னை நினைத்துப் போட்டிருக்கிறார். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு வந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு பேசாமல் இருந்திருக்கலாம். பாவம், முடியவில்லை. எழுந்து நின்று, "அது நான் போட்டதில்ல. யாரு போட்டது? யாரு?" என்று கேட்டுவிட்டது.

"அதைக் கேட்கக் கூடாதுப்பா. அதுக்குத்தானே தட்டி கட்டி மறைச்சிருக்கு," என்றார் டீச்சர்.

குயில் நிற்கவில்லை. வரிசை வரிசையாகப் போய், "நீயா? நீயா?" என்றது. "ஐயோ, நான் இல்லப்பா," என்றது அணில். "எனக்கு வேற வேலை இல்லையா?" என்றது கிளி. செங்கமலம் என்ற சிறுமி சிலேட்டைப் பார்த்துக்கொண்டே இல்லையென்று தலையை ஆட்டினாள். மற்ற நாற்பத்திரண்டு பேரும் இல்லை என்றார்கள். அதில் நாற்பத்தொரு பேர் சொன்னது உண்மை.

குயில் சாயங்காலம் வரை யோசித்தது. 'எல்லார் முன்னாடியும் கேட்டது என் தப்புதான். என்னோடு சேர்த்துத் தன்னையும் கேலி செய்வார்கள் என்று, போட்டவர் பயந்திருப்பார். நான் கண்ணில் படாமல் இருந்து கேட்டால், ஆளில்லாத நேரம் பார்த்து வந்து சொல்லிவிடுவார்.'

மறுநாள் அது வகுப்புக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தை ஒட்டிய அத்திமரத்தில், இலை அடர்ந்த கிளைக்குள் போய் ஒளிந்துகொண்டது. "யாரு?" என்று கேட்டது. பதில் இல்லை. "யாரூ?" என்று இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டது. பிறகு அதற்கும் மேலே. தொண்டை அடைத்ததும் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

மூன்றாம் நாள் செங்கமலம் மரத்தடிக்குத் தனியாக வந்தாள். இரண்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். குரல் கேட்டது, ஆள் தெரியவில்லை. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தபோது பின்னால் காலடிச் சத்தம். வகுப்புப் பிள்ளைகள் கும்பலாக வந்து நின்றார்கள்.

"இங்க தனியா என்னடி பண்ற?"

"ஒண்ணுமில்ல... சும்மா, அதைக் கேலி பண்றேன்," என்றாள். நம்புவார்களோ மாட்டார்களோ என்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, குயில் மாதிரியே, "யாரூ?" என்று கத்தினாள். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

இலைக்குள் குயில் துள்ளி எழுந்தது. யாரோ வந்துவிட்டார்! அந்தக் கூச்சலில் ஒரு குரல் தனக்கு ஓட்டுப் போட்டவளுடையது என்று அதற்கு எப்படித் தெரியும்? இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து மறுபடியும் கேட்டது.

அன்று முதல்தான் குயில் கண்ணில் படாமல் இலைக்குள் இருந்து கூவுகிறது. கேட்டுக் கேட்டு வார்த்தை தேய்ந்து, இப்போது வெறும் 'கூ' மட்டும் மிச்சம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதையே திருப்பிக் கூவினால், அது இன்னும் உரக்கக் கூவிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொள்கிறது, இந்தத் தடவையாவது சொல்லிவிடுவார்கள் என்று.